வளைகுடாவுக்கு வெளிக்கிடும் யாழ்ப்பாணத்தவருக்கு: வெள்ளிக்கிழமை என்ன செய்வது?

வெளிநாட்டு வேலைக்குப் போகிறவருக்கு மெடிக்கல், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகப் பதிவு, ஒப்பந்தம், ரிக்கற் என்று எல்லாவற்றுக்கும் வழி சொல்ல ஆள் உண்டு. கோயில் இல்லாத ஊரில் வெள்ளிக்கிழமையை எப்படிக் கழிப்பது என்று மட்டும் ஒருவரும் சொல்லித் தருவதில்லை. வெயிலும் வேலைப் பளுவும் எதிர்பார்த்துப் போனவை, அவை பழகிவிடும். மணிச் சத்தம் இல்லாத விடியலும், திருநீறு பூசிய நெற்றியை மேலும் கீழும் பார்க்கும் கண்களும்தான் முதல் இரண்டு மாதம் ஆளை வாட்டும். இந்தக் குறிப்பு சவூதி, குவைத், கட்டார், பஹ்ரேன், எமிரேற்ஸ், ஓமான் போகும் சைவக்காரருக்கு. வேதக்காரருக்கும், அதாவது கிறிஸ்தவருக்கும், இடையிடையே சில வரி உண்டு.

முதல் வேலை யாழ்ப்பாணத்திலேயே இருக்கிறது. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி விடுதலைப் புலிகள் யாழ் நகர முஸ்லிம்களை இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றினார்கள். அதற்குப் பிறகு இங்கே வளர்ந்த ஒரு தலைமுறைக்குத் தொழுகைக்கு அழைக்கும் பாங்குச் சத்தமும் நோன்புக் கஞ்சியும் பக்கத்து வீட்டு விஷயமாக இல்லாமற் போயின. மட்டக்களப்பிலிருந்து போகிறவருக்கு இந்த இடைவெளி குறைவு. ஆகவே பயணத்துக்கு ஒரு மாதம் முன்னதாக, வெள்ளிக்கிழமை மத்தியானம் ஐந்து சந்தி, சோனகத் தெருப் பக்கம் போய் வாருங்கள். ஜும்ஆ என்ற வெள்ளித் தொழுகை நேரத்தில் எந்தக் கடை மூடுகிறது, எவ்வளவு நேரம் மூடுகிறது, எப்படிச் செருப்பைக் கழற்றி உள்ளே போகிறார்கள் என்று பாருங்கள். ஸுபஹ், லுஹர், அஸர், மஃரிப், இஷா என்ற ஐந்து வேளைப் பெயரையும் திரும்பி வந்திருக்கும் கடைக்காரர் யாரிடமாவது கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இங்கே தமிழில் ஐந்து நிமிடத்தில் விளங்குவதை அங்கே அரபியில் தடுமாறிப் படிக்க மூன்று மாதம் பிடிக்கும்.

அடுத்தது, ஒரு கொப்பி எடுத்து, வருடத்தில் நீங்கள் செய்யும் சமயக் காரியங்களை ஒன்றும் விடாமல் எழுதுங்கள். காலையில் திருநீறு, வெள்ளியில் மச்சம் (மீன், இறைச்சி) விலக்கு, வீட்டு விளக்கு, நல்லூர் 25 நாள், கந்தசஷ்டி ஆறு நாள், ஆடி அமாவாசைக்குக் கீரிமலை, கையில் கட்டிய நூல். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மூன்றில் ஒன்றைப் போடுங்கள்: வாயும் வயிறும் போதுமானது, பொருள் வேண்டியது, ஆள் வேண்டியது. தேவாரமும் விரதமும் முதல் வகை. எந்த நாட்டுச் சுங்கத்திலும் அவை பிடிபடாது. அருச்சனை, திவசம், காவடி எல்லாம் மூன்றாவது வகை. அவற்றை ஊரில் ஒருவரிடம், திகதியும் நட்சத்திரமும் எழுதி, இப்போதே ஒப்படையுங்கள். “பிறகு போனில் சொல்லுவம்” என்று விட்டால் ஆடி அமாவாசை அன்று உங்களுக்கு இரட்டை ஷிப்ட் வரும், அம்மாவின் போனுக்குச் சார்ஜ் இருக்காது.

முதல் வகையைக் கூட்டுவதுதான் கெட்டித்தனம். தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டாக ஐந்து பாட்டை மனப்பாடம் செய்துகொண்டு போங்கள். போனில் பதிந்து கொண்டுபோவது இதற்கு ஈடாகாது, ஏனெனில் வீட்டு வேலைக்குப் போகும் பெண்களின் போனைச் சில வீடுகளில் பகல் முழுக்க வாங்கி வைத்துவிடுவார்கள். சுமை ஏற்றும் வாகனத்தில் ஆறு பேரோடு போகும்போதும், உதடு அசையாமல் ஐந்து பாட்டை முடிக்கலாம்.

பொருள் வேண்டியவற்றில்தான் விமான நிலையத்திலேயே சிக்கல் தொடங்குகிறது.

கற்பூரத்தை எந்தப் பெட்டியிலும் வைக்காதீர்கள். அது தீப்பற்றும் திண்மப் பொருள் என்ற வகைக்குள் வருகிறது. கொப்பறாத் தேங்காயும் அப்படித்தான், எண்ணெய்ப் பிடிப்பால் தானே சூடேறும் பொருள் என்று தடுப்பார்கள். கசகசாவைச் சவூதியிலும் எமிரேற்சிலும் போதைப்பொருளோடு சேர்த்துப் பார்க்கிறார்கள், ஒரு மேசைக்கரண்டி அளவுகூட வேண்டாம். வீட்டில் இடித்த தூளில் யாரும் அதைச் சேர்க்கவில்லை என்று கேட்டு உறுதிப்படுத்துங்கள். எமிரேற்சுக்கு வெற்றிலையும் தடை. திருநீறு 20, 30 கிராமுக்கு மேல் தேவையில்லை. கோயிலில் கடதாசியில் மடித்துத் தந்த பொட்டலமாக அல்ல, பெயர் அச்சிட்ட மூடிய பக்கற்றாக, பெரிய பெட்டிக்குள் வையுங்கள். கைப்பையில் பெயரில்லாத வெள்ளைத் தூள் இருந்தால் அதிகாரி அதைச் சோதிக்க எடுப்பார், அதற்குள் உங்கள் பிளேன் போய்விடும்.

படம் வேண்டுமென்றால் கடவுச்சீட்டுக்குள் அடங்கும் அளவில் ஒன்று, பேர்ஸுக்குள். சிலையோ வெண்கல வேலோ வேண்டாம். வேதக்காரர் சொந்தப் பாவனைக்கு ஒரு பைபிளும் ஒரு செபமாலையும் கொண்டுபோகலாம். நாலு பைபிள் இருந்தால் பங்கிடக் கொண்டுவந்ததாக நினைப்பார்கள். தாலிக்கொடியை வீட்டில் வைத்துவிட்டு, தாலியை மட்டும் மெல்லிய சங்கிலியில் கோத்துச் சட்டைக்குள் போடுங்கள். களவு, சந்தேகம் இரண்டிலும் இருந்து காப்பு.

இனி, பலரும் யோசிக்காத ஒன்று. தாயத்து, மந்திரித்த நூல், செப்புத் தகடு, சாதகக் குறிப்பு ஆகிய நாலையும் சவூதிக்குக் கொண்டுபோகவே வேண்டாம். அங்கே சூனியம் செய்வது குற்றம். அதைத் தேடிப் பிடிக்க மத காவல்துறையில் தனிப் பிரிவே 2009இல் அமைத்தார்கள். 2012இல் ஜித்தாவில் இலங்கைப் பெண் ஒருவரே அந்தச் சந்தேகத்தில் கைதானார். தாயத்துக் குழாய்க்குள் சுருட்டிய எழுத்து, கட்டம் கட்டிய காகிதத்தில் புரியாத லிபி, முடிச்சுப் போட்ட நூல் எல்லாம் அவர்கள் கண்ணுக்குச் சூனியப் பொருள்தான். பன்னிரண்டு கட்டமும் ‘சூ’, ‘செ’, ‘ரா’ என்ற எழுத்துமாக இருக்கும் நம்முடைய சாதகக் குறிப்பைப் போல அந்தச் சந்தேகத்துக்குப் பொருந்துவது வேறில்லை. கலியாணப் பேச்சுக்குத் தேவையென்றால் வீட்டில் இருக்கட்டும். கையில் கட்டிய நூலைப் போகும் முன் கோயிலிலேயே அவிழ்த்துவிடுங்கள். வீட்டு வேலை செய்பவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள்: சீப்பில் வரும் தலைமயிரைச் சுருட்டி ஓட்டைக்குள் செருகும் பழக்கம் வேண்டாம், நாவூறு கழிக்கும் எண்ணத்தில் பிள்ளையின் தலையைச் சுற்றி உப்பு மிளகாய் எடுக்கவும் வேண்டாம். நீங்கள் அன்பில் செய்வது அவர்களுக்குப் பயம். அவர்களுக்கும் கண்ணூறு நம்பிக்கை உண்டு. ஆனால் பரிகாரம் குர்ஆன் ஓதுவது, அதை அவர்களே செய்துகொள்ளுவார்கள். குழந்தையை “வடிவான பிள்ளை” என்று புகழ்ந்தால் உடனே “மாஷா அல்லாஹ்” சேர்த்துச் சொல்லுங்கள். சேர்க்காமல் வெறுமனே பார்த்துப் புகழ்வதுதான் கண்ணூறு என்பது அவர்கள் கணக்கு.

மதம் என்ன என்ற கேள்வி விசா விண்ணப்பத்திலேயே வரும். முகவர் “முஸ்லிம் என்று போட்டால் கெதியாக வரும்” என்று சொன்னால் அந்த இடத்தை விட்டு எழும்புங்கள். அந்த ஒரு சொல்லோடு நீங்கள் நோன்பு பிடிக்காததும் தொழாததும் தப்பாகப் பார்க்கப்படும், பின்னர் “இல்லை, நான் சைவம்” என்பது மதம் மாறியதாகப் பதியப்படலாம். “மதமில்லை” என்றும் போட வேண்டாம். சவூதியில் 2014ஆம் ஆண்டு உள்துறை விதிமுறை நாத்திகத்தைப் பயங்கரவாதத்தின் கீழ் சேர்த்தது. சைவக்காரர் “ஹிந்தூசி”, வேதக்காரர் “மஸீஹி”. இங்கே ஒரு பொறி உண்டு: “ஹிந்தி?” என்று கேட்டால் “இந்தியனா?” என்றுதான் பொருள். இந்துவா என்று கேட்கிறார்கள் என நினைத்துத் தலையாட்டினால் நீங்கள் இந்தியராகிவிடுவீர்கள். “லா, ஸ்ரீலங்கி” என்று திருத்துங்கள்.

“ஏன் முஸ்லிமாகவில்லை?” என்று வண்டிச் சாரதி முதல் வீட்டுப் பாட்டி வரை கேட்பார்கள். பெரும்பாலும் அதில் பகை இல்லை. நல்லதொன்றைத் தாங்கள் வைத்துக்கொண்டு உங்களுக்குத் தராமல் இருப்பது சரியில்லை என்ற எண்ணம்தான். விவாதத்துக்குப் போகாதீர்கள். “அப்பா அம்மாவின் வழி இது” என்று சொன்னால் அநேகமானோர் நிறுத்திவிடுவார்கள், பெற்றோர் என்ற சொல்லுக்கு அங்கே அவ்வளவு கனம். பகிடிக்காகவும், பிள்ளைகள் சொல்லித் தருகிறார்கள் என்பதற்காகவும் கலிமாவை, அதாவது இஸ்லாத்தை ஏற்கும் உறுதிமொழியை, திருப்பிச் சொல்லாதீர்கள். சாட்சிகளுக்கு முன் அதைச் சொன்னவர் மதத்தில் சேர்ந்தவர் என்பது அவர்கள் விதி. வெளியே வரும் வாசல் அங்கே இல்லை. உண்மையாக மாற விரும்புகிறவர் யோசித்து, தன் விருப்பத்தில் செய்யட்டும், அது வேறு விஷயம்.

சவூதி ஒப்பந்தத்தில் வேலை இடம் எந்த நகரம் என்று பாருங்கள். மக்காவுக்குள் முஸ்லிம் அல்லாதவர் போகவே முடியாது, மதீனாவில் ஹரம் என்ற புனித எல்லைக்குள் முடியாது. சாரதி வேலைக்குப் போகிறவர்கள் ஜித்தாவிலிருந்து தாயிப் போகும்போது முஸ்லிம் அல்லாதவருக்கான சுற்றுப் பாதையைக் காட்டும் பலகையைத் தவறவிடக்கூடாது. சோதனைச் சாவடியில் இக்காமா என்ற வதிவிட அட்டையைப் பார்ப்பார்கள், அதில் மதம் இருக்கும்.

இனி அன்றாடம். யாழ்ப்பாணத்தில் மரியாதையான சில செயல்கள் அங்கே தலைகீழாகும். நல்லூருக்குள் சேர்ட்டைக் கழற்றுவது பக்தி. தொழிலாளர் தங்கும் கேம்பில் குளித்துவிட்டு மேல்சட்டை இல்லாமல் தொழுகை விரிப்புப் பக்கம் நடப்பது அவமரியாதை. ஆணுக்குத் தொப்புளில் இருந்து முழங்கால் வரை மறைய வேண்டும் என்பது அவர்கள் அளவு. சாரத்தை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு நிற்பது அந்த அளவை மீறுகிறது. பெரியவர் காலில் விழுவது நமக்குப் பணிவு, அவர்களுக்கு மனிதரை வணங்குவது பெரும் பாவம். சம்பளம் கேட்டு முதலாளியின் காலில் விழுந்தால் அவர் இளகமாட்டார், திடுக்கிட்டுப் பின்னால் போவார். வணக்கத்துக்கு வலக்கையை நெஞ்சில் வைத்தால் போதும். ஆணும் பெண்ணும் கை குலுக்க முந்தக்கூடாது.

தொழுகிறவருக்கு முன்னால் குறுக்கே நடக்காதீர்கள், பின்னால் சுற்றிப் போங்கள். தொழுகை விரிப்பைத் தூசி தட்டும்போது செருப்புக் காலால் மிதிக்கவும், மற்றத் தரைவிரிப்போடு சேர்த்துக் கழுவவும் வேண்டாம், கேட்டுச் செய்யுங்கள். குர்ஆனைத் துடைப்பதற்காகத் தூக்க வேண்டியிருந்தால் வீட்டுக்காரரைக் கூப்பிடுங்கள். அதன் மேல் வேறெந்தப் பொருளையும் வைக்காதீர்கள். அரபு எழுத்துள்ள காகிதத்தைச் சாப்பாட்டுக் கழிவோடு போடுவதும் கூடாது, அதில் இறைவன் பெயர் இருக்கலாம். ஏட்டில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றும் நமக்கு இது புரியாத விஷயமல்ல.

விளக்கேற்ற முடியாது என்ற கவலை பெரியது. கேம்ப் அறையில் நெருப்பு வைத்தால் புகைமணி அடிக்கும், கட்டிலோடு கட்டில் ஒட்டிய அறையில் அது சமயப் பிரச்சினைக்கு முன் உயிர்ப் பிரச்சினை. பற்றரியில் எரியும் சிறு விளக்கு 10 நிமிடத்துக்குப் போதும். சாம்பிராணிக்கு ஏங்குகிறவர்களுக்கு ஒரு செய்தி: அரபு வீடுகளில் பக்கூர் புகை போடுவார்கள், சந்தையில் லுபான் என்ற பிசின் கிடைக்கும். ஓமானின் டோபார் பகுதியில் மரத்தைக் கீறி எடுப்பது. வீட்டுக்காரர் புகை போடும் நேரத்துக்குப் பக்கத்தில் நின்று பாருங்கள், அரைவாசி ஏக்கம் அடங்கும்.

சாப்பாட்டில் மச்சத்தை விட மாட்டிறைச்சிதான் பலரின் பயம். சொற்களைப் பாடமாக்குங்கள்: லஹம் என்றால் இறைச்சி, பகர் மாடு, கனம் ஆடு, ஜமல் ஒட்டகம், திஜாஜ் கோழி, சமக் மீன். “அனா மா ஆகுல் பகர்” என்றால் நான் மாடு சாப்பிடுவதில்லை. வெள்ளியிலும் சஷ்டியிலும் “மா ஆகுல் லஹம்” என்று மட்டும் சொன்னால் கோழி வரும், மீனும் வரும், ஏனெனில் லஹம் என்றால் அவர்களுக்கு நாலுகால் இறைச்சிதான். மூன்றையும் பெயர் சொல்லி மறுக்க வேண்டும். ஏமாற்றுபவை இரண்டு: பருப்புச் சூப்பு மரக்கறி போலத் தெரியும், இறைச்சி அவித்த நீரில் செய்திருப்பார்கள். ஹரீஸ் கோதுமைக் கஞ்சி போல இருக்கும், உள்ளே இறைச்சி கரைந்து கிடக்கும். நோன்பு மாதத்தில் இரண்டும் தாராளமாக வரும்.

நோன்பு மாதம் ஒவ்வொரு வருடமும் 10, 11 நாள் முன்னே நகரும். 2025இல் சவூதியில் மார்ச் 1இல் தொடங்கியது. பகலில் வெளியே தண்ணீர் குடிப்பதும் புகைப்பதும்கூடத் தண்டனைக்குரியது. குவைத்தில் 1968இலிருந்தே இதற்குச் சட்டம் உண்டு, டுபாயில் கட்டுப்பாடு தளர்ந்திருக்கிறது. உங்களுக்கு நோன்பு கடமையில்லை, குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடலாம். தண்ணீர்ப் போத்தலைப் பைக்குள் மறைத்து வையுங்கள், வெயிலில் வேலை செய்பவர் கொம்பனி ஒதுக்கிய இடத்தில் கட்டாயம் குடியுங்கள். மரியாதைக்காக நீங்களும் நோன்பு பிடித்தால் சந்தோஷப்படுவார்கள், கூடவே மாறப்போகிறீர்கள் என்ற எதிர்பார்ப்பும் எழும். அதைத் தாங்க முடியுமா என்று பார்த்துச் செய்யுங்கள்.

வேலை நேரம் எமிரேற்சில் எல்லாருக்கும் இரண்டு மணி குறையும், சவூதியில் முஸ்லிம் தொழிலாளருக்கு மட்டும் ஆறு மணியாகும். வீட்டு வேலை செய்பவருக்கோ உண்மையில் கூடும்: மூன்று மணியில் இருந்து சமையல், நோன்பு திறந்தபின் விருந்தினர், விடியுமுன் ஸஹர் சாப்பாடு. மாதம் தொடங்க ஒரு கிழமை முன்பே மேடத்திடம் “எந்த நேரம் நான் படுக்கலாம்?” என்று கேட்டு, காலை நேர நித்திரையை உறுதிப்படுத்துங்கள். முதல் கிழமை போனபின் கேட்டால் வழக்கமாகிவிட்டிருக்கும். நோன்பு திறக்கக் கூப்பிட்டால் தயங்காமல் போங்கள். பாங்கு சொல்லும்வரை பேரீச்சம்பழத்தைத் தொடாமல் இருந்தால் போதும்.

கொடுக்கல் வாங்கலில் ஒரு நுணுக்கம். படைத்த பொங்கலையும் மோதகத்தையும் முஸ்லிம் நண்பர் சாப்பிடமாட்டார், வேறு தெய்வத்துக்குப் படைத்தது அவருக்கு விலக்கு. கொடுக்க விரும்பினால் படைக்கும் முன் ஒரு பங்கை வேறு பாத்திரத்தில் எடுத்துவைத்து, அதைச் சொல்லியே கொடுங்கள். மறைத்துக் கொடுப்பது நட்பை முறிக்கும். ஹஜ்ஜுப் பெருநாளுக்குக் குர்பான் (பலி கொடுத்த) இறைச்சி வரும். வலக்கையால் வாங்கி, சாப்பிடுகிற அறைத்தோழருக்குக் கொடுத்துவிடலாம்.

வெள்ளிக்கிழமைக்கு வருவோம். சவூதி, குவைத், கட்டார் ஆகியவற்றில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். அதாவது நம்முடைய விரத நாளே அங்கே ஓய்வு நாள், யாழ்ப்பாணத்தில்கூடக் கிடைக்காத வசதி. எமிரேற்ஸ் 2022இல் சனி, ஞாயிறுக்கு மாறி, அரச அலுவலகங்களுக்கு வெள்ளியை அரை நாளாக்கிவிட்டது. சவூதியில் கோயிலும் தேவாலயமும் இல்லை. மஸ்கற்றில் சிவன் கோயில் உண்டு, மனாமாவில் பழைய கிருஷ்ணன் கோயில் உண்டு, டுபாயில் ஜெபல் அலி ஆலயம் 2022இலும் அபுதாபியில் பெரிய கற்கோயில் 2024இலும் திறந்தன. இவை பெரும்பாலும் வட இந்திய முறை. தேவாரம் எதிர்பார்த்துப் போய் ஏமாறாதீர்கள், போய் ஒரு மூலையில் நீங்களே பாடுங்கள். வேதக்காரருக்குக் குவைத், டோஹா, டுபாய், மனாமா தேவாலயங்களில் ஞாயிறு பூசையை வெள்ளியிலும் வைப்பார்கள்.

நல்லூரை நேரலையில் பார்க்கக் கணக்கு இது: சவூதி, குவைத், கட்டார், பஹ்ரேன் நமக்கு இரண்டரை மணி பின்னால், எமிரேற்சும் ஓமானும் ஒன்றரை மணி பின்னால். காலை 10 மணிக் கொடியேற்றம் ரியாத்தில் 7.30. காலை 7 மணித் தேர் என்றால் அங்கே 4.30, அலாரம் வைத்துத்தான் படுக்க வேண்டும். நல்லூரான் நேரம் தவறமாட்டார், இணையம்தான் தவறும்.

பேஸ்புக், வட்ஸ்அப் விஷயத்தில் ஊரில் இருக்கும் துணிச்சலை விமான நிலையத்தில் கழற்றி வைத்துவிடுங்கள். எந்த மதத்தையும் இழிவுபடுத்தும் பதிவு எமிரேற்சில் குற்றம், பகிர்ந்தவரும் மாட்டுவார். பழைய பதிவுகளையும் போகுமுன் துப்புரவாக்குங்கள். இலங்கை அரசியல் சண்டைக்குள் மதத்தை இழுக்கும் குழுக்களில் இருந்து விலகுங்கள்.

கடைசியாக, ஒருவரும் பேச விரும்பாதது. அப்பாவோ அம்மாவோ இங்கே தவறினால், வெளியேறும் அனுமதியும் ரிக்கற்றும் கிடைக்கும் முன் கொள்ளி முடிந்துவிடும். தகப்பனுக்கு மூத்தவர், தாய்க்கு இளையவர் என்ற வழக்கத்தில் அந்த ஆள் நீங்கள்தான் என்றால், உங்களுக்குப் பதில் யார் என்று போகுமுன்பே வீட்டில் பேசி முடிவெடுங்கள். பிரேதத்தை வைத்துக்கொண்டு வாக்குவாதப்பட விடாதீர்கள். செய்தி கேட்டவுடன் குளித்து, அறையில் ஐந்து பாட்டையும் பாடுங்கள். அந்தியேட்டிக்கு 31ஆம் நாள் வர முடியுமா என்று அன்றே முதலாளியிடம் கேட்பது, முதல் நாளே ஓடிவர முயல்வதைவிடப் பெரும்பாலும் கைகூடும். “அபூய் மாத்” என்றால் அப்பா செத்துவிட்டார், “உம்மீ மாத்தத்” என்றால் அம்மா. இந்த நாலு சொல்லையும் ஒரு கடதாசியில் எழுதிப் பேர்ஸுக்குள் வையுங்கள், அந்த நேரத்தில் நாக்கு வராது. உங்கள் சொந்த விஷயத்தில், சவூதியில் எரிக்கும் இடம் கிடையாது. உடலை ஊருக்கு அனுப்ப வேண்டும் என்பதையும் யாரோடு பேச வேண்டும் என்பதையும் எழுதி, பணியகப் பதிவின் பிரதியோடு சேர்த்து ஒன்றை வீட்டிலும் ஒன்றை அறைத்தோழரிடமும் கொடுத்துவிட்டுப் போங்கள்.